கொடிக்குக் கட்டின வீடு

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளைச் சர்க்கார் மூடியதால் எத்தனையோ குடும்பம் பிழைத்தது என்கிறார்கள். பிழைத்திருக்கட்டும், யார் வேண்டாமென்றது? அங்கமுத்து வீட்டில் மட்டும் அது வேறு மாதிரி வந்து விடிந்தது. இத்தனைக்கும் அவன் கள்ளை மோந்துகூடப் பார்க்காதவன்.

கடை மூடியது புரட்டாசியில். ஐப்பசி பிறப்பதற்குள், வாய் நமநமத்துப்போன ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் வெற்றிலைக்குத் தாவிவிட்டார்கள். எழுந்ததும் வெற்றிலை, களி தின்றதும் வெற்றிலை, ஏர் பூட்டப் போகும்போது வெற்றிலை. கிணற்றடி, சுவர்மூலை, சாவடிக் கல் என்று ஓரிடம் பாக்கியில்லாமல் சிவக்கச் சிவக்கத் துப்பி வைத்தார்கள். பொம்பளைகள் குடத்தை இறக்கி வைக்கச் சுத்தமான தரை கிடையாது. மற்றவர்களுக்கு வயிற்றைப் புரட்டிய அந்தத் துப்பலைப் பார்த்து அங்கமுத்துவுக்கு மட்டும் ஆசை ஊறியது.

"ஜேடர்பாளையத்துச் சந்தையில ஒரு கவுளி வெத்தல என்ன வெலைக்குப் போவுதுன்னு தெரியுமா புள்ள உனக்கு? நூறு எலைய எண்ணிக் கட்டி வெச்சா, கட்டு தரையில படறதுக்குள்ள பிடுங்கீட்டுப் போறானுங்க" என்றான் பெண்டாட்டி ஆராயியிடம். "நம்ம பொடக்காணியிலயே ஒரு கொடிக்கால் போட்டுடறேன் பாரு."

பொடக்காணி என்றால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் இடம். ஒரு கிணறு, ஒரு முருங்கை, கட்டுத்தரையில் ஓர் எருமையும் இரண்டு காளையும், மூலையில் சாளை என்று ஒரு சின்னக் குடிசை. அவ்வளவுதான். வெற்றிலைக் கொடிக்கால் போடுகிறவர்கள் வாய்க்கால் பாயும் நிலத்தில் தண்ணீர் வடிய ஆழமாகக் கால் வெட்டி, பாத்தி உயர்த்தி, அகத்தி விதைத்து, அது ஆள் உயரம் வளர்ந்து நிழல் தட்டின பிறகுதான் கொடியை ஊன்றுவார்கள். அங்கமுத்துவுக்கு வாய்க்கால் பாய்ச்சலில் நிலமில்லை. பொறுமை அதைவிட இல்லை.

அடுத்த வீட்டுக் கருப்பண்ணன், பாரவண்டி ஓட்டுகிறவன், படலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னான். "ஏப்பா அங்கமுத்து, ஐப்பசியிலயா கொடி வெக்கறது? அடமழை வந்து நிக்குது. தை கழிச்சு வெய்யி."

"தையில வெலை எறங்கிப் போயிருமுங்கண்ணா. அகத்தி எதுக்கு? நெழலுதான வேணும்? மூங்கிலு நட்டு, மேலயும் நாலு பக்கமும் கீத்தக் கட்டி, ஊடு மாதர பண்ணீட்டாத் தீந்துது. மழையும் அடிக்காது, காத்தும் அடிக்காது. உள்ள கொடி சொகமா ஏறிக்கிட்டுக் கெடக்கும்."

"கொடிக்கு ஊடு கட்டறானாமா!" என்று கருப்பண்ணன் சிரித்துவிட்டுப் போனான்.

நிஜமாகவே கட்டினான். தென்னங்கீற்று கடனாக வந்தது. மூங்கில்தான் குறைந்தது. அங்கமுத்து இடுப்பில் கைவைத்துப் பொடக்காணியைச் சுற்றிப் பார்த்தான். மூலையிலிருந்த சாளையில் கண் நின்றது. மதியத்துக்குள் அதைப் பிரித்துப் போட்டான்.

அது என்ன சாளை என்று அந்த ஊரில் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் தெரியும். பொம்பளை ஊட்டுக்குத் தூரமாகும் நாட்களில் ஒதுங்கிக் கிடக்கிற சாளை. மூன்று நாள் வீட்டுக்குள் வரக் கூடாது, பானையைத் தொடக் கூடாது, அதில் கிடக்க வேண்டும். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். அதில்லாத வீடு கிடையாது. அதை ஒருத்தன் பிரித்தால், பெண்டாட்டி அப்புறம் எங்கே கிடப்பாள் என்று ஒரு நிமிசம் யோசிக்க மாட்டானா? யோசிக்கவில்லை. மாடு எங்கே கிடக்கும் என்று யோசித்து வைத்திருந்தான்.

"ஏனுங்க மாமா, அதப் பிரிச்சுப்போட்டீங்க, நான் எங்க போய்க் கெடக்கறது?" என்றாள் ஆராயி.

"கட்டுத்தரையில ஒரு மூலையில சாக்கப் போட்டுக்க. மூணு நாளு தான?"

"எருமைக்குப் பக்கத்துலயா?"

"எருமை உன்னய என்ன முட்டவா போவுது? அதும் பொட்டைதான்" என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். வாயோரம் வெற்றிலைச் சாறு வழிந்தது. ஆராயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்பெல்லாம் அந்த வாடை அவளை ஒன்றும் செய்ததில்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்து அவன் பக்கத்தில் வந்து பேசினாலே அடிவயிற்றிலிருந்து மேலே ஏறியது.

காரணம் அவளுக்குத் தெரியும். ஆவணியோடு அவளுக்கு நின்றுபோயிருந்தது.

சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் இரண்டு முறை தங்கி, இரண்டும் மூன்றாம் மாசத்தில் கலைந்து போயிற்று. இரண்டு முறையும் நாள் தள்ளிய மறுநாளே புருசனிடம் சொல்ல, அவன் அக்கா ராமாத்தாளிடம் சொல்ல, ராமாத்தாள் தெருவுக்கெல்லாம் தண்டோராப் போட்டாள். அடுத்த தெருவில்தான் குடியிருப்பு. வருகிறவள் போகிறவளையெல்லாம் கூட்டிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்க வைத்தாள். கலைந்த பிறகு அதே வாயால், "காட்டுப்பக்கத்துல பொண்ணெடுத்தா இப்பிடித்தான். அந்த மண்ணே தரிசு" என்றாள். அவள் மகள் சென்னியம்மாள் கல்யாண வயசில் நின்றாள். தாய்மாமன் அங்கமுத்து. இரண்டாம் தாரமாக அவளை இந்த வீட்டில் விட்டுவிட வேண்டும் என்பது ராமாத்தாள் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அதனால் இந்த முறை நாலு மாசம் தாண்டி வயிற்றில் நிலைக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று ஆராயி முடிவு கட்டியிருந்தாள். ஆனால் மாசா மாசம் ஒதுங்காமல் வீட்டுக்குள்ளேயே சமைத்துக்கொண்டு திரிந்தால் ஊருக்கே விளங்கிவிடாதா? ஆகவே தூரமாகாதவள் தூரமான மாதிரி நடித்தாள். புரட்டாசியில் சாளையில் கிடந்தாள். ஐப்பசியில் சாளை இல்லை. சாக்கை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனாள்.

சீ! அதை ஒரு பொம்பளை கிடக்கிற இடமென்று சொல்ல முடியுமா? மேலே கீற்று ஒழுகியது. கீழே எருமை மூத்திரம் சாக்கை நனைத்துக்கொண்டு ஓடியது. உண்ணி காதுமடலில் ஏறிக் கடித்தது. மழை விடவேயில்லை, சாணி கரைந்து கூழாகி, காலை எங்கே வைத்தாலும் சொதக்கென்றது. பத்தடிக்கு அந்தப்பக்கம் கொடியின் வீடு புதுக்கீற்றுப் போட்டு, மழைபடாமல், காற்றுப்படாமல் கல்யாணப் பந்தல் மாதிரி நின்றது. ஆராயி சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாட்களில் தம்பிக்குச் சோறாக்கிப் போட ராமாத்தாள் மகளோடு வருவாள். கம்பஞ்சோறும் கொள்ளுச்சாறும் வட்டலில் போட்டு, கட்டுத்தரை வாசலில் வைத்து, குச்சியால் உள்ளே தள்ளுவாள்.

"நங்கையா, தண்ணி கொஞ்சம் ஊத்துங்க" என்று நாத்தனாரிடம் கேட்டாள் ஆராயி.

"கையேந்து. தள்ளி நின்னு ஏந்து. கொடி பக்கத்துலயே இருக்குது, உன்ற நெழலு அந்தக்கட்டால உழுந்துறாம பாத்துக்க. கொடிக்கால் கோயிலு மாதர. தூரமானவ போனாலும் கருகிப்போயிரும், வாயும் வயிறுமா இருக்கறவ கண்ணுபட்டாலும் கருகிப்போயிரும். கீழத்தெருச் சின்னாயி மாசமா இருக்கறப்ப அவிய மச்சாண்டார் கொடிக்காலுப் பக்கம் போனா, ஒரே வாரத்துல நாலு வரிசை போச்சு."

ஆராயி நீரைக் குடித்தாள். அன்றைக்கு அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. தூரமானாலும் குற்றம், ஆகாவிட்டாலும் குற்றம்.

மற்ற நாட்களில் கொடிக்கு உழைத்தது யார் என்கிறீர்கள்? அவள்தான். மண் சுமந்தாள், எருவை உடைத்துத் தூவினாள், மூங்கிலோடு கொடியைக் காய்ந்த வாழைநாரால் இழுத்துக் கட்டினாள். அங்கமுத்து செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கும்பிட்டுக்கொண்டு உள்ளே போய், இலையைத் தடவிப் பார்த்துவிட்டு வருவான். வந்ததும் வாசலிலேயே சலதாரையில் புளிச்சென்று துப்புவான். வீட்டின் கழிவுத்தண்ணீர் போகும் சலதாரை அது. கொடி வீடு அதன் வழியில் குறுக்கே நின்றது. பானை கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர், கட்டுத்தரைக் கழிவு, அவன் துப்பல் எல்லாம் மழையோடு சேர்ந்து நேரே கீற்றுக்கடியில் புகுந்து கொடியின் காலில் தேங்கியது. கோயிலுக்குச் செருப்பு ஆகாதாம், சாக்கடை ஆகுமாம்.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் வாடை கிளம்பியது. ஆராயி படலைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. செத்த எலியைப் பானைக்குள் மூடி வைத்துத் திறந்த மாதிரி. குனிந்து ஒரு கொடியைத் தொட்டாள். தூர் கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. வெளியே ஓடிவந்து வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு போய்ப் புருசனைக் கூப்பிட்டாள்.

"மாமா, தண்ணி நின்னு தூரெல்லாம் அழுகுது. ஒரு கால் வெட்டிச் சலதாரைய அந்தக்கட்டால திருப்பி உடுங்க. மேல கீத்தக் கொஞ்சம் பிரிச்சு வெய்யில் காட்டுங்க."

"உங்கூரு வெண்ணந்தூருக் காட்டுல சோளம் வெதைக்கறவிய எனக்குக் கொடிக்கால் சொல்லித் தாராங்களா? கொடிக்கு ஈரம் இருக்கோணும் புள்ள."

"ஈரம் வேற, சாக்கடை வேறீங்க. மூக்கு இல்லையா உங்களுக்கு?"

"வாயி நீண்டுபோச்சு உனக்கு. போயி சோலியப் பாரு."

மண்வெட்டி எடுத்து அரை நாள் வெட்டினால் முடிகிற வேலை. அவளே வெட்டியிருப்பாள்; வயிற்றை நினைத்து வெட்டவில்லை. மறுவாரம் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. அதற்கடுத்து ஒரே காலையில் பாதிக்கு மேல் சரிந்து கிடந்தது. அங்கமுத்து உள்ளே போய் நின்றான். வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. நேரே அக்கா வீட்டுக்குப் போனான்.

அவள் மாரியம்மன் கோயில் பூசாரியையும் கையோடு கூட்டிவந்துவிட்டாள். பின்னால் மகள். அதற்குப் பின்னால் வேலையில்லாத ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். பூசாரி கொடி வீட்டுக்குள் தலையை நீட்டினார், மூக்கைப் பொத்திக்கொண்டு உடனே வெளியே எடுத்தார். திருநீற்றை உள்ளங்கையில் வைத்து முணுமுணுத்தார்.

"பொம்பளத் தீட்டுங்க" என்றார். "ஊட்டுலயே இருக்குது."

எல்லோரும் ஆராயியைப் பார்த்தார்கள். அவள் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கையில் சாம்பலோடு எழுந்தாள்.

"கேட்டியா தம்பி? நான் அன்னிக்கே சொன்னனா இல்லையா? கட்டுத்தரையில கெடந்தவ ராத்திரி எங்க போனாளோ, என்ன பண்ணுனாளோ. கெணத்துக்குப் போற தடமே கொடிய ஒட்டித்தான போவுது" என்றாள் ராமாத்தாள்.

"சாளையப் பிரிச்சது நானாங்க?" என்றாள் ஆராயி. "அந்தச் சாளை மூங்கிலத்தான இந்தக் கொடி ஊட்டுக்கு நட்டிருக்குது? இத்தன வருசம் தூரமானவ தலை சாச்ச மூங்கிலு. தீட்டுன்னா அதுல இல்லீங்களா?"

ஊர்க்காரர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அங்கமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூங்கிலுக்கு என்ன தீட்டு? மஞ்சத்தண்ணி தெளிச்சுத்தான நட்டேன்!"

ஒரு கை மஞ்சள் தண்ணீரில் மூங்கில் சுத்தமாகிவிட்டது. இந்த மனுசனோடு ஒன்பது வருசம் பாயைப் பகிர்ந்துகொண்டோமே என்று நினைத்தபோது ஆராயிக்கு உடம்பெல்லாம் கூசியது. அருவருப்பு. வேறு வார்த்தை இல்லை அதற்கு.

"பேச்சு எதுக்கு?" என்றார் பூசாரி. "அந்த மூணு நாள்ல நான் கொடிக்கிட்டப் போகலைன்னு ஆத்தா முன்னால கற்பூரத்த அணைச்சுச் சொல்லட்டும். சொல்லீட்டா முடிஞ்சுது."

"சொல்லாட்டி?" என்றாள் ராமாத்தாள், கேட்க வேண்டியதை மறக்காமல்.

"சொல்லாட்டி ஊட்டுக்கு ஆவாது. கொஞ்ச காலம் தாயூட்டுல போயி இருக்கட்டும்."

சென்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அங்கமுத்து அந்தப்பக்கம் பார்த்தான். பார்த்ததை ஆராயியும் பார்த்தாள்.

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வதற்கு அவளுக்கு என்ன பயம்? அவள் போகவில்லை, அது உண்மை. ஆனால் வயிற்றில் ஒன்று இருக்கும்போது சத்தியமென்று நெருப்பில் கை வைக்கலாகாது என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். உண்மைச் சத்தியமானாலும் பிள்ளையைச் சுடுமாம். சரி, மாசமாயிருக்கிறேன் என்று இங்கேயே உடைத்துவிட்டால்? தூரமானவள் என்ற பழி போய், சூலி கண் பட்டது என்ற பழி வரும். நாளைக் காலையிலிருந்து ராமாத்தாள் ஆளைக் கூட்டிவந்து வயிற்றைத் தடவுவாள். போன இரண்டையும் போல இதுவும் போகும்.

பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். ஆராயிக்கு அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. தாயூட்டுக்குப் போ என்கிறார்கள். அங்கே என்ன கெட்டுப்போயிற்று? வெண்ணந்தூரில் ஓட்டுக்கூரை உண்டு. காய்ந்த தரை உண்டு. அம்மா வடிக்கிற சோளச்சோறு உண்டு. நாலாம் மாசமும் ஐந்தாம் மாசமும் யாரும் தொட்டுப் பார்க்காமல் படுத்துக்கிடக்கலாம். அதற்கு விலை அவள் பெயர்தான். கொடிக்காலைத் தீட்டுப்படுத்தின மூதேவி என்று இந்த ஊர் இருக்கும்வரை சொல்லும். சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறது. இந்த ஊர் வாயிலிருந்து வருவது என்னவென்றுதான் கிணற்றடியெல்லாம் துப்பி வைத்திருக்கிறார்களே.

"கற்பூரம் வேண்டாமுங்க" என்றாள். "நாந்தான் போனேன்."

ராமாத்தாளே ஒரு நொடி திகைத்துப் போனாள். சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்கு எதிராளி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"எதுக்குடி போன?" என்றான் அங்கமுத்து.

"மழைக்கு ஒதுங்கப் போனேனுங்க. கட்டுத்தரை ஒழுகுச்சு. கொடி ஊடு ஒழுகல."

அங்கமுத்து முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். ஆக, கொடி அழுகினது அவன் தப்பில்லை. ஐப்பசியில் வைத்ததும் தப்பில்லை, சாக்கடையும் தப்பில்லை. கீற்றுக் கடன் அத்தனையும் அடைந்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு நிம்மதி வந்திருக்காது. அதைப் பார்த்து ஆராயிக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்புவதற்கு. விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கருப்பண்ணன் திருச்செங்கோட்டுக்குப் பாரம் ஏற்றப் போகிறவன், போகிற வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றான். அங்கிருந்து வெண்ணந்தூருக்கு வேறு வண்டி கிடைக்கும். ஆராயி இரண்டு புடவையை மூட்டையாகக் கட்டினாள். ராமாத்தாள் வாசலில் நின்று சீமாற்றால் அவள் நடந்த தடத்தைக் கூட்டினாள். சென்னியம்மாள் உள்ளே அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள்.

மழை விட்டிருந்தது. இட்டாரி வண்டித்தடத்தின் இரண்டு பக்கமும் கிளுவை வேலியில் சொட்டு உதிர்ந்தது. அங்கமுத்து வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். மனசில் எங்கேயோ கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். இட்டாரி முடிந்து பெரிய தடம் வரும் இடத்தில் கருப்பண்ணன் மாட்டை நிறுத்தினான்.

"மனசுல வெச்சுக்காத புள்ள" என்றான் அங்கமுத்து. "ஊருக்காவத்தான். சென்னியம்மா சங்கதியெல்லாம் அக்கா பேசறதுதான், நான் ஒண்ணும் சொல்லல. தை பொறக்கட்டும். வந்து கூட்டியாரேன்."

குரல் இளகியிருந்தது. கல்யாணமான புதிதில் பள்ளிபாளையம் சந்தைக்குக் கூட்டிப்போய்க் கரும்பு வாங்கிக் கொடுத்த அங்கமுத்துவின் குரல் அது. ஆராயி யோசித்தாள். என்ன இருந்தாலும் அப்பன். இவனுக்குத் தெரியாமல் அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது பாவமில்லையா? ஊருக்கு வெளியே வந்தாயிற்று. ராமாத்தாள் இல்லை. சொல்லலாம்.

"தையில வர முடியாதுங்க மாமா. வைகாசி போவோணும்."

"வைகாசியா? எதுக்கு?"

"எனக்கு ஆவணியோட நின்னுபோச்சுங்க. இது நாலாம் மாசம்."

கருப்பண்ணன் முதுகு நிமிர்ந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. அங்கமுத்து வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்தினான். கண் விரிந்தது. ஆராயி வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். சிரிப்பானா, அழுவானா, இறங்கு புள்ள ஊட்டுக்குப் போலாம் என்பானா? எது சொன்னாலும், அந்த நொடியில், அவள் மன்னித்திருப்பாள். அவன் விரலை மடக்கி மடக்கி என்னவோ கணக்குப் போட்டான்.

"அப்ப ஐப்பசியில நீ தூரமே ஆவுல?"

"இல்லீங்க."

"கார்த்திகையிலயும்?"

"இல்லீங்க மாமா."

அங்கமுத்து குழம்பிப்போய் வீட்டுப்பக்கம் திரும்பிப் பார்த்தான். சூலி கண் பட்டது என்று எடுத்துக்கொடுக்க அக்கா பக்கத்தில் இல்லை. பிறகு அவளைப் பார்த்தான்.

"அப்பறம் கொடி எதுனாலடி செத்துச்சு?"

ஆராயி வாயைப் பொத்துவதற்குள் வந்துவிட்டது. வண்டிச் சட்டத்தைப் பிடித்துக் குனிந்து, குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்தாள். கருப்பண்ணன் கயிற்றை விட்டுவிட்டுச் சொம்பு நீரை நீட்டினான். அவள் வாயைக் கொப்பளித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வண்டிய உடுங்கண்ணா" என்றாள்.

மாடுகள் நடந்தன. அங்கமுத்து சேற்றில் சளக் சளக்கென்று கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தான்.

"சொல்லீட்டுப் போ புள்ள! அப்பறம் கொடிக்கு என்னதான் வந்துது?"